பங்கிள் பங்கிளுக்கு வாடகைக் கார் போதுமா?

கேள்வி: ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிக்குக் குடும்பத்தோடு போகிறோம். பங்கிள் பங்கிள் மலைகள் இருக்கும் பர்னுலுலு தேசியப் பூங்காவுக்குச் சாதாரண வாடகைக் காரில் போகலாமா?

பதில்: போக முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் பாதை 53 கிலோமீட்டர்தான், ஆனால் ஓடையும் கல்லும் மேடும் பள்ளமுமாக இரண்டு மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குத்தான் அனுமதி. வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தையும் படியுங்கள், பலவற்றில் மண்சாலைக்குக் காப்பீடு கிடையாது. உள்ளே பெட்ரோலும் கடையும் இல்லை, அதனால் தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். ஜூலை நல்ல மாதம்தான். மழைக்காலத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். இரவில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு இரவாவது கூடாரம் போட்டுத் தங்கினால்தான் பட்ட பாட்டுக்கு அர்த்தம். எகிட்னா பிளவுக்கு உச்சி வேளையில் போங்கள்; அந்த ஒடுக்கமான சந்துக்குள் வெயில் நேராக இறங்கும்போதுதான் பாறைச் சுவர் செக்கச்செவேலென்று எரியும். தெற்கே இருக்கும் குவிமாடம் போன்ற பாறைக் குன்றுகளில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வருவதைப் பார்த்து யாரோ பெயின்ட் அடித்தார்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள்: ஆரஞ்சு இரும்புத் துரு, கறுப்பு ஈரம் தங்கும் அடுக்குகளில் வளரும் நுண்ணுயிர்ப் படலம். அந்த மேல்தோல் தொட்டால் உதிரும், ஏற விடாதீர்கள்.

வண்டி ஓட்டத் தயக்கமா? குனுனுரா என்ற ஊரிலிருந்து சிறு விமானத்தில் மேலேயிருந்து பார்த்துவிடலாம். செலவு கூடுதல்தான்.