கடையில் வாங்கிய முந்திரிக்கொத்து

அன்புள்ள ஐயா,

நாங்கள் நாகர்கோவில் பக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லோரும் ஊரில் கூடி, சேர்ந்து முந்திரிக்கொத்து சுடுவோம். இந்த மார்ச்சில் அம்மா தவறிவிட்டார். அப்பாவை என்னோடு ஓசூருக்கு அழைத்து வந்துவிட்டேன். துபாயில் இருக்கும் தம்பிக்கு ஜனவரி முதல் வாரம்தான் லீவு. பலகாரத்தைக் கடையில் வாங்கி, அவன் வரும்போது கொண்டாடலாமா? அம்மாவுக்குச் செய்யும் துரோகம்போல் இருக்கிறது.

- ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரி,

தேதியை விடுங்கள். ஆர்மீனியர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 6, ரஷ்யர்களுக்கு 7. தம்பி வரும் நாளில் கொண்டாடுங்கள்.

“சேர்ந்து சுடுவோம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் இரண்டு நாளாக நிற்கிறேன். எங்கள் வீட்டிலும் சேர்ந்துதான் சுட்டோம். சிறுபயறு வறுத்துத் திரித்தது அம்மா. தேங்காய் வறுத்தது, கருப்பட்டிப் பாகு காய்ச்சியது அம்மா. ஆறினால் உருண்டை பிடிக்க வராது என்று சூட்டோடு உருட்டி உள்ளங்கை சிவந்தது அம்மாவுக்கு. மஞ்சள் கலந்த அரிசிமாவில் மும்மூன்றாக முக்கி எண்ணெயில் போட்டதும் அவள்தான். நாங்கள் சேர்ந்து தின்றோம். (வெளியூர்க்காரர்களுக்கு: இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. எங்கள் பக்கம் முந்திரி என்றால் திராட்சை. பார்க்கத் திராட்சைக் கொத்துபோல இருக்கும்.) கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனையில் அம்மா விழித்திருந்து நான் பார்த்ததில்லை. பிரசங்கம் பெத்லகேமுக்குப் போய்ச் சேருமுன் தூணில் தலை சாய்ந்திருக்கும்.

துரோகம் என்றெல்லாம் பெரிய சொல்லை இப்போது எடுக்காதீர்கள். அம்மாக்களைத் தனியாக அடுப்பின் முன் உட்கார வைத்தோமே, அன்றைக்கு எடுத்திருக்க வேண்டிய சொல் அது. கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த வருடம், அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார். 30 வருடம் தின்றவருக்குப் பாகுப் பதம் தெரியவில்லை. எண்ணெயில் போட்டதெல்லாம் பிரிந்து, வாணலி முழுக்கப் பயறு மிதந்தது. சத்தத்தை வைத்தே கட்டிலிலிருந்து அம்மா கத்தினாள்: “மாவு தண்ணியா இருக்கு, கெட்டியா கரைங்க!” கடைசி ஈடு மட்டும் தேறியது. உடைந்ததையும் தேறியதையும் ஒன்றாக வைத்து பக்கத்து வீட்டுக்குத் தட்டு போயிற்று. அவர்கள் தீபாவளிக்குக் கொடுத்த தட்டு. அதை வெறுமனே திருப்பிக் கொடுத்திருந்தால்தான் அம்மாவுக்கு மானம் போயிருக்கும். உடைந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்து இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

சரி, நீங்கள் கேட்டது. கடையில் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அரைக்கிலோ சிறுபயறும் வாங்கி வையுங்கள். தம்பி வந்ததும் அப்பா கையில் வாணலியைக் கொடுத்து, சிறுதீயில் வாசம் வரும்வரை வறுக்கச் சொல்லுங்கள். பாகு தம்பி பொறுப்பு. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து கத்துங்கள்.