தைலமரத் தழையில் எண்ணெய் வடிக்கலாமா, உளுந்தில் கலக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர் ஆர்.எஸ்.பதி மரம் (தைலமரம்) இருக்கிறது. கட்டை காகித ஆலைக்குப் போய்விட்டது. தழை மட்டும் காட்டிலேயே குவிந்து கிடக்கிறது. இதில் தைலம் வடித்தால் நல்ல காசு என்று சொல்லி, ஒருவர் டிரம் வைத்துப் பாய்லர் அமைத்துத் தருவதாக முன்பணம் கேட்கிறார். செய்யலாமா? விற்காமல் போனாலும், உளுந்தில் வண்டு விழாமல் இருக்க அந்த எண்ணெயைக் கலந்து வைக்கலாமா? அடுத்த பட்டத்துக்கான விதையும் அந்த உளுந்தில்தான் இருக்கிறது. (ஆலங்குடிப் பகுதி விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: வணக்கம் ஐயா. விதை உளுந்தில் தைலம் ஒரு சொட்டுக்கூட படக் கூடாது. முன்பணமும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். தழையில் எண்ணெய் இருப்பது உண்மைதான். ஆனால் அது என்ன எண்ணெய் என்று தெரியாமல் பாய்லரில் காசு போடக் கூடாது.

ஒரு முற்றிய இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ப் பை. இலையைக் கசக்கினால் அந்தப் பைகள் உடைந்துதான் வாசனை மூக்கில் ஏறுகிறது. அந்த எண்ணெய் ஒரே பொருள் இல்லை, பல பொருள்கள் சேர்ந்த கலவை. எது அதிகம் என்பதை மரத்தின் இனம்தான் முடிவு செய்கிறது.

ஊட்டியில் வடிப்பது குளோபுலஸ் என்ற இனத்திலிருந்து. 1843-இல் நீலகிரிக்கு வந்த மரம், குளிர் இருந்தால்தான் செழிக்கும். அதன் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். மூக்கடைப்புக்குத் தைலம் முகரும்போது சில்லென்று ஏறுவது அதுதான். வாங்குகிறவர் முதலில் கேட்பதும் சினியோல் எத்தனை சதவீதம் என்றுதான். 60, 70, 80 என்று தரம் பிரித்தே விலை சொல்வார்கள். இதில் உலகச் சந்தையை நிரப்புவது சீனா. அங்கே கற்பூர மரத்து எண்ணெயிலிருந்தும் சினியோலைப் பிரித்து எடுக்கிறார்கள். அதனால் விலையை நம் ஊரில் இருந்துகொண்டு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் காட்டில் இருப்பது பெரும்பாலும் டெரெட்டிகார்னிஸ் அல்லது கமால்டுலென்சிஸ் என்ற தைலமர இனம், இல்லை இரண்டும் கலந்த குளோன், அதாவது தேர்ந்தெடுத்த ஒரே தாய்மரத்தின் துண்டிலிருந்து வளர்த்த கன்று. காகிதக் கூழுக்காகத் தேர்ந்தெடுத்த மரங்கள் இவை. தண்டு நேராக, வேகமாக வளர வேண்டும் என்று பார்த்தார்களே தவிர, இலை எண்ணெயை யாரும் பார்க்கவில்லை. சில குளோன்களில் சினியோல் பாதிக்கு மேல் இருக்கும். சிலவற்றில் அது குறைந்து, ஆல்பா பைனீனும் பாரா சைமீனும் முன்னால் நிற்கும். ஆல்பா பைனீன் என்பது டர்பன்டைனில் இருக்கிற பொருள்தான். அந்த எண்ணெயை மருந்துக் கம்பெனி தைல விலைக்கு எடுக்காது.

அளவையும் யோசியுங்கள். நூறு கிலோ பச்சைத் தழைக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எண்ணெய் வந்தால் நல்ல விளைச்சல். ஒரு டன் தழையை அள்ளி, சுமந்து, திணித்து, இரண்டு மூன்று மணி நேரம் நீராவி விட்டால் கையில் நிற்பது ஐந்து முதல் பத்து கிலோ. விறகு, குளிர்விக்கத் தண்ணீர், ஆள்கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தண்ணீர்க் கணக்கை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்தில் போர்வெல்லின் ஆழம் எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பாய்லர்காரர் தன் அடுப்பில் சூடு அதிகம், எண்ணெயும் அதிகம் வரும் என்று சொன்னால் நம்பாதீர்கள். சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். ஆனால் நீராவியோடு சேரும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி, நூறு டிகிரிக்கு உள்ளேயே எண்ணெய் கிளம்பிவிடும். அதனால்தான் நீராவி வடிப்பு என்ற முறையே இருக்கிறது. அடியில் நெருப்பைக் கூட்டினால் தழை கருகி எண்ணெயில் கருகல் வாடை ஏறும், அவ்வளவுதான். குளிர்ந்து விழும் தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதக்கும், அதை மெதுவாக வடித்து எடுப்பார்கள். தைலம் எளிதில் தீப்பிடிக்கும், ஐம்பது டிகிரிக்குக் கீழேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். திறந்த அடுப்பும் எண்ணெய் பிரிக்கும் பானையும் ஒரே கொட்டகையில் இருக்கவே கூடாது.

இனி உளுந்துக்கு வருவோம். தைலத்துக்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டு, அதில் சந்தேகம் இல்லை. சினியோல் ஆவி பூச்சியின் நரம்புக்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுக்கும். மூடிய சிறு ஜாடிக்குள் வண்டை விட்டுச் செய்த சோதனைகளில் அது சாகிறது. அந்த ஜாடி உங்கள் சாக்கு மூட்டை இல்லை. சாக்கில் ஆவி நிற்காது. நிற்கிற ஆவியையும் தானியம் உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் தோசையில் தைல வாடை வரும்.

அதைவிடப் பெரிய சங்கடம் வண்டின் வாழ்க்கை. தாய் வண்டு பயறின் தோல் மேல் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலைகாட்டாது, முட்டைக்கு அடியிலேயே துளைத்துக்கொண்டு பயறுக்குள் போய்விடும். மூன்று நாலு வாரம் உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாகத்தான் வெளிவரும். நீங்கள் வண்டைப் பார்க்கும்போது அடுத்த தலைமுறை முட்டை ஏற்கெனவே ஒட்டியிருக்கும். தைல ஆவி வெளியே திரியும் வண்டைச் சாய்க்கலாம், உள்ளே இருக்கும் புழுவை எட்டுவது கடினம்.

சமையல் உளுந்துக்கு நம் வீட்டுப் பெண்கள் செய்வதே சரி. கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டுப் பிசறி வையுங்கள். அது ஆவியாகிப் போகாத எண்ணெய். முட்டையின் மேல் படிந்து மூச்சை அடைக்கும், தோலும் வழுக்குவதால் புது முட்டை ஒட்டாது. உடைத்துப் பருப்பாக வைத்தால் தொல்லை இன்னும் குறையும்.

விதைக்குத் தைலம் வேண்டாம் என்று சொன்னதன் காரணம், சினியோல் பூச்சியோடு நிற்பதில்லை, முளைப்பையும் வேர் ஓடுவதையும் தடுக்கும். தைலமரத் தோப்புக்குள் களை குறைவாக இருப்பதற்கு மண்ணில் ஈரம் இல்லாததோடு இதுவும் ஒரு காரணம். இதன் நெருங்கிய உறவான 1,4-சினியோலின் வடிவத்தை ஒட்டியே சின்மெத்திலின் என்ற களைக்கொல்லி இருக்கிறது. களைக்கொல்லிக்கு உறவான பொருளை விதையோடு மூடி வைப்பது சரிவருமா? விதை உளுந்தை நன்றாகக் காய வையுங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், ஈரப்பதம் பத்து சதவீதம் போதும். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ ஆக்டிவேட்டட் கயோலின் களிமண் தூளைக் கலந்து வையுங்கள். அது பூச்சியின் மேல்தோல் மெழுகைக் கெடுத்து, உடல் ஈரம் வற்றிச் சாகச் செய்யும். விதைக்கு ஒன்றும் ஆகாது. வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இலையை அண்டாவில் கொதிக்க வைத்துச் செடிக்குத் தெளிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். திறந்த பாத்திரத்தில் கொதித்தால் எண்ணெய் காற்றோடு போய்விடும், மிஞ்சுவது துவர்ப்புச் சாறு. வடித்த தைலத்தைத் தண்ணீரில் ஊற்றித் தெளித்தால் இரண்டும் கலக்காமல், எண்ணெய் விழுந்த இடம் கருகும். வேப்பிலை வடிப்பிலும் ஏமாற வேண்டாம். வேம்பில் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் நீராவியில் ஏறி வராது.

எண்ணெய்த் தொழில்தான் வேண்டும் என்று மனதில் இருந்தால், வரப்போரம் சிட்ரியோடோரா என்ற தைலமர இனத்தை நட்டுப் பாருங்கள். கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும். அதில் சினியோலுக்குப் பதிலாக சிட்ரோனெல்லால் என்ற பொருள்தான் முக்கால் பங்குக்கு நெருங்கி இருக்கும். சோப்புக்கும் வாசனைப் பொருளுக்கும் போகும். கொசு விரட்டியில் சேர்க்கும் பிஎம்டி என்ற பொருளையும் அதிலிருந்து செய்கிறார்கள். குட்டையாக வெட்டி விட்டால் மறுதாம்பு துளிர்த்துத் தழை தந்துகொண்டே இருக்கும்.

எப்படியானாலும் வீட்டில் தைலம் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சில மில்லி உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கில், மார்பில் தடவவும் வேண்டாம்.

இருக்கிற தழையை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். குவியலாக விட்டால் புழுங்கிக் கெட்டுவிடும், பரப்பி நிழலில் ஓரிரு நாள் வாடவிட்டால் எண்ணெய் பெரிதாகக் குறையாது. பத்துப் பதினைந்து மரத்திலிருந்து முற்றிய இலையாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, பாலிதீன் பை இல்லாமல் காகிதப் பையில் போட்டு, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் விசாரியுங்கள். பையின் மேல் குளோன் எண், மரத்தின் வயது, பறித்த தேதி மூன்றையும் எழுதுங்கள். வடித்த எண்ணெயை யாராவது மாதிரிக்குத் தந்தால் நிறக் கண்ணாடிப் புட்டியில் வாங்குங்கள், ரப்பர் மூடியைத் தைலம் ஊற வைத்துவிடும். சினியோல் எத்தனை சதவீதம் என்ற அறிக்கை கைக்கு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், அப்போது பாய்லர் கணக்கைப் பேசலாம்.