இரண்டு 19.2-ம் ஒன்றா?

(இந்த இதழில் பெண்கள் கூடைப்பந்து பற்றிய கேள்விகள். பதில் சொல்பவர், பள்ளி அணிகளைப் பழக்கி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை.)

கேள்வி: அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் கெய்ட்லின் கிளார்க் 2024-ல் அறிமுகமானபோது ஆட்டத்துக்குச் சராசரி 19.2 புள்ளி. மறுவருடம் வந்த பெய்ஜ் பெக்கர்ஸுக்கும் அதே 19.2. சிறந்த புதுமுகம் விருதும் இருவருக்குமே கிடைத்தது. பிறகு ஏன் எல்லோரும் கிளார்க்கையே கொண்டாடுகிறார்கள்? என் மகள் பெக்கர்ஸ் கட்சி. வீட்டில் தினமும் வாக்குவாதம்.
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: ஐயா, கிளார்க் சீனியர், பெக்கர்ஸ் ஜூனியர் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் ஒப்பிடுகிறார்கள். பெக்கர்ஸ் பிறந்தது 2001 அக்டோபர். கிளார்க் 2002 ஜனவரி. கல்லூரியில் முழங்கால் காயத்தால் பெக்கர்ஸுக்கு ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டது, அதனால்தான் தாமதம். ஆக, 22 வயதில் ஒருவர் ஆடிய முதல் சீசனையும் 23 வயதில் இன்னொருவர் ஆடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். அந்த வயதில் ஒரு வருடம் உடம்பிலும் நிதானத்திலும் நிறைய மாற்றம் கொண்டுவரும்.

இப்போது அந்த 19.2-ஐப் பிரிப்போம். கிளார்க் அந்த சீசனில் போட்டது 122 த்ரீ பாயிண்டர், அதாவது தூரத்து வளைவுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட். நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததுமே ரிங்கைப் பார்க்கக்கூடியவர் என்பதால், எதிரணி அங்கேயே இரண்டு பேரை அவர் மேல் அனுப்புகிறது. அப்படியானால் மீதி நாலு பேரை மூன்று பேர் காக்க வேண்டும். கிளார்க்கின் ஆட்டம் உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த வருடம் அவர் கொடுத்த அசிஸ்ட் (கூட ஆடுபவர் கூடை போட வழிசெய்கிற பாஸ்) 337, அதுவரை ஒரே சீசனில் யாரும் தொடாத எண். டல்லாஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் கொடுத்து லீக் சாதனையும் படைத்தார். அந்த ஆட்டத்தில் அவருடைய இண்டியானா ஃபீவர் தோற்றது என்பது வேறு விஷயம். பந்தைப் பறிகொடுத்ததிலும் அவருக்குத்தான் சாதனை, 223 டர்ன்ஓவர். துணிந்து பாஸ் போடுகிற கைக்கு இது நேரத்தான் செய்யும். ஆனால் 223 அதிகம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

பெக்கர்ஸின் 19.2 வேறு ரகம். அவர் எறிந்த ஷாட்களில் நூற்றுக்கு 47.7 உள்ளே போயின, கிளார்க்கின் முதல் சீசனில் அது 41.7. டர்ன்ஓவர் சராசரி கிளார்க்கினுடையதில் பாதிகூட இல்லை. அவசரமே இல்லாத ஆட்டம் அது. இத்தனைக்கும் அவர் ஆடிய டல்லாஸ் விங்ஸ் அந்த சீசனில் 44 ஆட்டங்களில் 10-ல்தான் ஜெயித்தது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் அந்தத் துல்லியத்தைக் கடைசி வரை விடாமல் வைத்திருப்பதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

அணி கட்டு என்று என்னிடம் சொன்னால் நான் முதலில் கூப்பிடுவது கிளார்க்கைத்தான். 2023-ல் 13 வெற்றி பெற்ற இண்டியானா, அவர் வந்த வருடம் 20 வெற்றி பெற்று, 2016-க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃப் என்கிற பட்டத்துக்கான சுற்றுக்குப் போனது. பக்கத்தில் நிற்பவரையும் நன்றாக ஆட வைப்பவரே என் கணக்கில் மேல். உங்கள் மகளிடம் இதற்கு நல்ல எதிர்வாதம் ஒன்று இருக்கும்: 2025-ல் காயத்தால் கிளார்க் 13 ஆட்டம்தான் ஆடினார், அவர் இல்லாமலே கெல்சி மிட்செலும் அலியா பாஸ்டனும் மற்றவர்களும் சேர்ந்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோய், லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியோடு ஐந்தாவது ஆட்டம் வரை மல்லுக்கு நின்றார்களே! அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நியாயமான பேச்சு. இரண்டு பேரும் முழு சீசன் ஆடிய பிறகு இந்தக் கேள்வியை எனக்கு மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: ஏஞ்சல் ரீஸை எப்படி நட்சத்திரம் என்கிறார்கள்? ரிங்குக்கு அடியில் நின்று போடும் லே-அப்பையே தவறவிடுகிறார். தவறவிட்டதைத் தானே பிடித்து ரீபவுண்ட் கணக்கை ஏற்றிக்கொள்கிறார்.
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தம்பி, முதல் பாதி சரி. சிகாகோ ஸ்கை அணியில் 2024-ல் அவருடைய ஷாட் சதவீதம் 39.1. ரிங்குக்கு அடியில் ஆடுபவருக்கு அது குறைவு. அடுத்த வருடம் அது 45.8 ஆனதை யாரும் பேசுவதில்லை. இளம் வீராங்கனைகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எந்தக் குறையைச் சொல்லி ஊர் ஏசியதோ, அந்தக் குறை மறுவருடம் என்ன ஆனது?

இரண்டாம் பாதியை நான் ஏற்க மாட்டேன். தவறிய பந்தை நம் பக்கமே பிடித்தால் அணிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. யார் தவறவிட்டது என்று ஸ்கோர்போர்டு கேட்பதில்லை. ஒருமுறை குதித்து இறங்கியதும் எதிராளி முழங்காலை மடக்குவதற்குள் மறுபடி எழும்புவது இருக்கிறதே, அது பழக்கத்தில் வருவது. முதுகைக் கொடுத்து எதிராளியைப் பின்னால் தள்ளி வைப்பது, பந்து போர்டில் எங்கே பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஷாட் கிளம்பும்போதே கணிப்பது, இதெல்லாம் சேர்ந்துதான் ரீபவுண்ட். அவரைவிட உயரமானவர்கள் அந்த லீக்கில் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் சீசனிலேயே சராசரி 13.1 ரீபவுண்ட், அதுவரை யாரும் எட்டாத அளவு. தொடர்ந்து 15 ஆட்டங்களில் டபுள்-டபுள், அதாவது புள்ளியிலும் ரீபவுண்டிலும் இரட்டை இலக்கம். அணிக்காக இந்த அழுக்கு வேலையைச் செய்கிற பிள்ளைகளை நான் ஒருநாளும் குறைத்துப் பேச விடமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 கல்லூரி இறுதியாட்டத்தில் ரீஸின் எல்.எஸ்.யூ. அணி 102-85 என்று கிளார்க்கின் ஐயோவாவை வென்றபோது, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி ரீஸ் கிளார்க்கைச் சீண்டினார். அதற்காக அந்தக் கறுப்பினப் பெண்ணைத் திட்டாத வாயில்லை. அதே சைகையைச் சில நாள் முன்பு கிளார்க்கும் ஒரு ஆட்டத்தில் செய்திருந்தார், அப்போது எல்லோரும் ரசித்தார்கள். ரீஸைக் குறைசொல்லக் கூடாது என்று கிளார்க்கே வெளிப்படையாகச் சொன்னார். ஆடியவர்களுக்கு இருக்கும் மரியாதை பார்ப்பவர்களுக்கும் வரட்டும்.

கேள்வி: இவ்வளவு பெயர் வாங்கியும் சம்பளம் குறைவு என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 2025 வரை உண்மைதான். 2024-ல் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாக வந்த கிளார்க்குக்கு லீக் ஒப்பந்தப்படி அந்த வருடச் சம்பளம் 76,535 டாலர். அதே வருடம் ஆண்கள் லீக்கில் முதல் தேர்வாக வந்தவருக்கு 1 கோடி டாலருக்கும் மேல். அப்போது இவர்களுக்குப் பெரிய பணம் விளம்பரங்களில்தான் வந்தது. 2025 ஜூலையில், லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன், 'எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்' என்று எழுதிய பனியனோடு வீராங்கனைகள் கோர்ட்டில் நின்றார்கள். அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோனது.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாவது படிக்கிறேன். ஸ்கூல் டீமில் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடம். உயரம் கம்மி. யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?
– ஒரு மாணவி, தூத்துக்குடி

பதில்: பெக்கர்ஸைப் பார், கண்ணு. அணி கட்டக் கிளார்க் என்று மேலே சொன்ன நானேதான் இதைச் சொல்கிறேன். கிளார்க் போடும் தூரத்து ஷாட்டை உன் வயதில் காப்பியடித்தால், காலில் பலம் போதாமல் இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கி எறியப் பழகிவிடுவாய். அந்தக் கை பிறகு திருந்துவது ரொம்பக் கஷ்டம்.

பெக்கர்ஸ் வேகமாக உள்ளே வந்து, இரண்டு காலிலும் சேர்ந்து நின்று, பிவட் போட்டு (ஒரு காலை ஊன்றி மற்றக் காலால் திரும்பி), எதிராளி குதித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு அமைதியாக எறிவார். 2025 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸுக்கு எதிரான ஆட்டம் கிடைத்தால் பார். 21 ஷாட்டில் 17 உள்ளே, மொத்தம் 44 புள்ளி. கடைசி நொடியில் ஒரு புள்ளியில் தோற்றார்கள் பாவம். பந்தைப் பார்க்காதே, அவர் பாதத்தைப் பார். பார்த்ததை மறுநாள் காலை பந்து இல்லாமல், காலடியை மட்டும் செய்து பழகு.

கேள்வி: இந்த மூவரைத் தவிர, நீங்கள் கண் வைத்திருப்பவர் யார்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: டொமினிக் மலோங்கா. கேமரூனில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர், உயரம் 1.98 மீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரான்ஸ் அணியில் இருந்தார். அந்த இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் தோற்றது ஒரே ஒரு புள்ளியில்! 2025-ல் சியாட்டில் ஸ்டார்ம் அவரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தபோது வயது 19. அமெரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் கல்லூரி முடித்து 22 வயதில்தான் வருகிறார்கள், வெளிநாட்டவர் 20 ஆகும் வருடமே வரலாம் என்பது விதி. அதனால் இவரை மற்றவர்களின் முதல் சீசனோடு ஒப்பிடவே வேண்டாம். நாலு வருடம் கழித்துப் பேசுவோம்.

கேள்வி: என் மகள் கூடைப்பந்து ஆடுகிறாள். பெரிய வீராங்கனைகளுக்கெல்லாம் முழங்கால் போவதைப் படித்தால் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், சேலம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பயம் நியாயமானதுதான். பெக்கர்ஸுக்கு 2022-ல் முழங்காலின் முன்பக்கத் தசைநார், ஏ.சி.எல். என்பார்கள், அறுந்தது. 2024-ல் இரண்டாவது தேர்வாக வந்த கேமரன் பிரிங்க்குக்கு முதல் சீசனின் நடுவிலேயே அதே காயம். கல்லூரியின் முதல் வருடத்திலேயே 920 புள்ளி எடுத்த ஜூஜூ வாட்கின்ஸுக்கு 2025 மார்ச்சில். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே வரும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்குவதும், ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புவதும்தான் முக்கியக் காரணம்.

இதைப் பயிற்சியால் வெகுவாகக் குறைக்கலாம். முறையான வார்ம்-அப் செய்கிற பெண்கள் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மகளை ஒரு படியிலிருந்து இரண்டு காலில் குதித்து இறங்கச் சொல்லி, எதிரே நின்று கவனியுங்கள். முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் அவளுக்கு இடுப்பிலும் பின்தொடையிலும் பலம் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். ஒற்றைக்காலில் நிற்பது, மெதுவாக உட்கார்ந்து எழுவது, சத்தமில்லாமல் குதித்து இறங்குவது, இவற்றை ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பதினைந்து நிமிடம் செய்யட்டும். அவளுடைய கோச்சிடம் நேரே போய், "வார்ம்-அப்புக்கு நேரம் ஒதுக்குகிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.