தியாகம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

வணக்கம் சார்,

என் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மரத்தில் தவிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருக்கின்றன. ஐந்து பறவைகள் மாறி மாறிக் குஞ்சுகளுக்குப் புழு கொண்டுவருகின்றன. தேடிப் படித்ததில், முன்பு பிறந்த பிள்ளைகள் பெற்றோரோடு தங்கி இப்படி உதவும் என்று தெரிந்தது. தன் வாழ்க்கையைத் தள்ளிவைத்துத் தம்பி தங்கைகளை வளர்க்கும் இந்தத் தியாகம் மனிதர்களிடம் அருகிவிட்டதே என்று மனம் கனத்தது. பரிணாமத்தில் இந்தக் குணம் எப்படி வந்தது? உதவிக்கு ஆள் இருந்தால் குஞ்சுகள் அதிகம் பிழைக்குமா?

கே.

அன்புள்ள கே.,

ஐந்து பறவைகள் என்று எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பொறுமையாக ஒரு கூட்டைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆனால் 'தியாகம்' என்று படித்த இடத்தில் கடிதத்தை மூடிவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பல இனங்களில் அதிகம் பிழைக்கும், சிலவற்றில் வித்தியாசமே தெரியாது. ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரிரென் குருவியில், உதவிக்கு ஆள் இருந்தால் தாய் சின்ன முட்டையாக இடும். பின்னால் கூடுதலாக வரும் இரை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும், மிச்சமாகும் தெம்பு தாய்க்கு. மனிதர்களிடம் என்ன அருகிவிட்டது என்ற புலம்பலுக்கு நான் வரவில்லை.

சரி, பரிணாமம். 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் போட்ட கணக்கை நீங்களே படித்திருப்பீர்கள். உடன்பிறந்ததை வளர்த்தாலும் நம் மரபணுக்கள்தான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. உண்மைதான், ஆனால் அது பாதிப் பதில். எல்லாப் பறவைக்கும்தான் உடன்பிறப்பு உண்டு, அப்படியும் மொத்த இனங்களில் சுமார் 9 சதவீதம்தான் இப்படிக் கூடி வளர்க்கின்றன. மற்றவை கிளம்பிப் போகும்போது இவை மட்டும் ஏன் தங்குகின்றன? இதைக் கேட்காமல் நேராகத் தியாகத்துக்குப் போய்விட்டீர்கள்.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சீஷெல்ஸ் தீவுகளின் கதிர்க்குருவி கதையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் உலகத்திலேயே முப்பதுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன, அதுவும் கசின் என்ற ஒரே ஒரு சின்னத் தீவில். 1968இல் அந்தத் தீவைப் பாதுகாப்புக்காக வாங்கினார்கள். குருவிகள் பெருகி முந்நூறைத் தொட்டன, தீவு நிறைந்தது. நிறைந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள் வீட்டோடு தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்ட ஆரம்பித்தன. 1988இல் யான் கோம்டர் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 29 குருவிகளைப் பிடித்து, இந்த இனமே இல்லாத ஆரிட் தீவில் விட்டார்கள். அங்கே ஒன்றுகூட உதவியாளராக நிற்கவில்லை, ஆளுக்கொரு இடம் பிடித்துக் கூடு கட்டின. இன்னொன்றையும் பாருங்கள். கசினில் அந்த 29 போனதால் காலியான இடங்களுக்கு, அதுவரை 'தியாகம்' செய்துகொண்டிருந்த பிள்ளைகள் சில மணி நேரத்துக்குள் வந்து உட்கார்ந்தன. ஆனால் வளமான இடத்தில் பிறந்தவை மோசமான இடம் காலியானால் அசையவில்லை, நல்ல இடத்துக்குக் காத்திருந்தன. அப்புறம் ஆரிட்டிலும் நல்ல இடங்கள் தீர்ந்தன, அங்கேயும் பிள்ளைகள் வீட்டோடு தங்க ஆரம்பித்தன. குணம் மாறவில்லை கே., இடம்தான் மாறியது.

இதைவிட என்னை உலுக்கியது கென்யாவின் வெண்நெற்றிப் பஞ்சுருட்டான் என்ற பறவை. எம்லன், ரீக் என்ற ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள். செங்குத்தான மண் கரையில் வளை தோண்டி, துணையோடு குடும்பம் தொடங்கப் பார்க்கும் மகனைத் தகப்பன் போய்த் தொந்தரவு செய்யும். மகன் துணைக்குக் கொடுக்கப் போகும் இரையைக் குறுக்கே புகுந்து கேட்கும், வளை வாசலை மறித்து உட்கார்ந்துகொள்ளும். பல மகன்கள் கடைசியில் விட்டுவிட்டுத் தகப்பன் கூட்டுக்கே வேலைக்குத் திரும்புகின்றன. ஏன் எதிர்ப்பதில்லை? மகனுக்குத் தன் குஞ்சும் தன் கூடப்பிறந்ததும் மரபணுக் கணக்கில் ஒன்றுதான், இரண்டிலும் பாதி. தகப்பனுக்கோ தன் குஞ்சில் பாதி, பேரக்குஞ்சில் கால்தான். எனவே தடுப்பதால் தகப்பனுக்கு லாபம் பெரிது, பணிவதால் மகனுக்கு நஷ்டம் சின்னது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த மகன் வாயில் இரை மட்டும்தான் தெரியும், நீங்கள் பார்த்த மாதிரி.

எங்கள் வீட்டில் அம்மா இல்லை. எங்கள் நான்கு பேரையும் அக்காதான் வளர்த்தாள், நான் கடைசி. எனக்குப் பதினோரு வயதில் அப்பாவின் அலமாரியில் பழைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவே ஒரு உறையைப் பார்த்தேன். அக்கா பெயருக்கு வந்த வேலை உத்தரவு. உறையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது, ஒரு பிசிறு இல்லை. சேர வேண்டிய தேதி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்பா கெட்டவர் இல்லை, அந்த நான்கு பிள்ளைகளையும் தனியாக நினைத்துப் பயந்தவர். ஆனால் அவளை எல்லோரும் தியாகி என்றார்கள், நானும்தான் ஒரு மேடையில் சொன்னேன். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் பஞ்சுருட்டானும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, பறவை எந்தக் கணக்கும் போட்டுப் பார்த்து உதவுவதில்லை. உங்கள் மரத்துக் குருவிகளுக்கும் இதுவேதான் காரணம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், இனத்துக்கு இனம் கதை வேறு. அவற்றைத் தொடர்ந்து பாருங்கள். எது எப்போது கூட்டத்தை விட்டுப் போகிறது, போன இடத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்து வையுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

போன வருடம் அக்காவிடம் ஆரிட் தீவைப் பற்றிச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த இருபத்தொன்பதும் திரும்பி வந்துச்சா?"

இல்லை, இந்தக் குருவிகள் கடல் தாண்டுவதே ரொம்ப அபூர்வம் என்றேன்.

"வேற யாரையாச்சும் அப்புறம் கூட்டிட்டுப் போனாங்களா?"

1990இல் இன்னும் 29, கூசைன் என்ற வேறொரு தீவுக்கு என்றேன். மடித்து வைத்த துணியை எடுத்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.