சேலத்தைச் சுற்றிப் புது வீடு வாங்குபவர்களுக்கு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சிவில் படித்தவன் நான். வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு எழுதிக் கொடுப்பது தொழில், அதனால் சேலத்தைச் சுற்றி முளைக்கும் புதுப்புது நகர்களில்தான் பாதி நாள் போகிறது. அயோத்தியாப்பட்டணம், உடையாப்பட்டி, கருப்பூர், மல்லூர் எதுவானாலும் கேளுங்கள். எந்த பில்டர் நல்லவர் என்று மட்டும் கேட்க வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். வாஸ்து எனக்குத் தெரியாது.

அயோத்தியாப்பட்டணத்தில் வரிசையாக ஆறு வீடு கட்டுகிறார்கள், ஒன்று 38 லட்சம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு தேவையில்லை என்கிறார் பில்டர். நம்பலாமா சார்?

ரெரா விஷயத்தில் அவர் சொல்வது பாதி சரி. நிலம் 500 சதுர மீட்டரையும் வீடு எட்டையும் தாண்டினால் பதிவு கட்டாயம், ஆறு வீட்டுக்குத் தேவையில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த எட்டு என்பது எல்லாக் கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அதே ஆள் 'ஃபேஸ் டூ' என்று இன்னொரு ஆறுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். பதிவு இருந்தால் உங்களுக்கு இரண்டு பிடிமானம் உண்டு. ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் உங்களிடம் வாங்க முடியாது. சாவி வாங்கி ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். பதிவு இல்லையென்றால் இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

டிடிசிபி அப்ரூவ்டு என்று அவர் சொல்வது மனைப்பிரிவுக்கு, வீட்டுக்கு அல்ல. வீட்டுக்குத் தனியாகக் கட்டட அனுமதி உண்டு. முத்திரை போட்ட அந்த வரைபடத்தைக் கையில் வாங்கி, டேப் பிடித்து அளந்து பாருங்கள். வரைபடத்தில் பக்கவாட்டில் காலி இடம் காட்டியிருக்கும், நேரில் போனால் சுவர் எல்லைக்கல்லில் நிற்கும். மாடிக்கு அனுமதியே இருக்காது, மேலே ஒரு ரூம் எழும்பியிருக்கும். அனுமதி இல்லாத பகுதியை நாங்கள் மதிப்பில் சேர்ப்பதில்லை, அவ்வளவு கடன் குறையும்.

அடுத்தது, விற்பவர் யார்? இந்தப் பக்கம் பாதிக்குப் பாதி நிலம் விவசாயி பெயரில் இருக்கும், பில்டர் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி விற்பார். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அன்றைக்கே செல்லாது. அவர் உயிரோடு இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர், பாகம் பிரித்தாயிற்றா என்று ஊருக்குள் டீக்கடையில் உட்கார்ந்து விசாரியுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், ஆனால் பதியாத அக்ரிமென்ட்டும் வாய்வழியாக நடந்த பாகப்பிரிவினையும் அதில் ஏறாது. மூலப்பத்திரத்தை உங்கள் சொந்த வக்கீல் படிக்க வேண்டும், பில்டர் காட்டும் வக்கீல் அல்ல.

அப்புறம் ஒன்று, மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

கிழக்கு பார்த்த வீடு இரண்டு லட்சம் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

உங்கள் இரண்டு லட்சம், உங்கள் இஷ்டம். மதிப்பீட்டில் திசைக்கு ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை.

அண்ணா, சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சம்பளச் சீட்டு கிடையாது. லோன் கிடைக்குமா? கையில் எவ்வளவு வேண்டும்?

கிடைக்கும் தம்பி, எங்கே என்பதுதான் கேள்வி. மூன்று வருடம் வருமான வரிக் கணக்கு ஒழுங்காகப் போட்டிருந்தால் வங்கிக்குப் போங்கள். கணக்கே இல்லையென்றால் வீட்டுக்கடன் நிதி நிறுவனங்கள் பட்டறையை நேரில் பார்த்து, வருமானத்தை அவர்களாகவே கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள், வட்டி கூடும். 20 லட்சம், 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை சதவீதத்தில் மாதம் ஏறக்குறைய 17,350. அதே கடன் 12 சதவீதத்தில் 22,000. கணக்கு இல்லாததற்கு 20 வருடம் மாதாமாதம் நாலாயிரத்து அறுநூறுக்கு மேல் அபராதம் கட்டுகிறீர்கள். அவசரம் இல்லையென்றால் இந்த வருடமே கணக்குப் போடத் தொடங்கிவிட்டுப் பொறுத்து வாங்குங்கள்.

கைக்காசுக்கு வருவோம். கடன் 30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், இதுதான் உச்சவரம்பு. பத்திரச் செலவு இதில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் நீங்கள் எடுத்து வைக்க வேண்டும். 30 லட்சம் வீட்டுக்கு 3 லட்சமும் 2 லட்சத்து 70 ஆயிரமும் உங்களுடையது. மதிப்பீடு பெரும்பாலும் விற்கும் விலையை எட்டாது, அந்த வித்தியாசமும் உங்கள் தலையில். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் பகுதியில் வட்டி மானியம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக்கூடாது. கிடைத்தால் ஐந்து தவணையில் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம். இதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், வந்தால் வரவு.

வங்கியே லோன் கொடுத்துவிட்டது என்றால் டாக்குமென்ட் சரி என்றுதானே அர்த்தம்?

இல்லை. வங்கி தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. நான் மதிப்பீட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் இருப்பேன், அளப்பேன், போட்டோ எடுப்பேன், போய்விடுவேன். உங்கள் செப்டிக் டேங்க் எங்கே நிரம்புகிறது என்று பார்ப்பது என் வேலையில் இல்லை.

கருப்பூர் பக்கம் வீடு பிடித்திருக்கிறது. 'போர் இருக்கிறது, தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை' என்கிறார்கள்.

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். புறநகரில் வீடு ஏன் மலிவு? கல்லும் கம்பியும் அஸ்தம்பட்டியில் என்ன விலையோ அதே விலைதான் அங்கேயும். மலிவாக இருப்பது வெளியே இல்லாத குழாயும் சாக்கடையும் ரோடும்தான். அதை நாளைக்கு உங்கள் காசில் போடுவீர்கள்.

முதலில் மேட்டூர்த் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவரிடம் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. முடிந்தால் அவர் வீட்டுப் பாத்ரூமைக் காட்டச் சொல்லுங்கள். குழாய்க் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்கு ஏறி, ஷவர் ஓட்டைகளில் பாதி அடைத்திருந்தால் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வேறு டெஸ்ட் தேவையில்லை. குடிக்க ஆகுமா என்பதற்கு ஆய்வகத்தில் கொடுங்கள், ஃபுளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள்.

போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே மொத்தம் 50 அடிதான். உங்கள் டேங்கைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போரை ஒட்டி வரும், அதைத் தடுக்க உங்களால் முடியாது. சுத்திகரிக்காமல் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

ஏற்காட்டு அடிவாரம் முதல் மூக்கனேரி வரை, அதைத் தாண்டியும், மலைத் தண்ணீர் இறங்கும் வழியில் நாம் மனை போட்டிருக்கிறோம். கிராம வரைபடமும் புல வரைபடமும் வாங்கினால் ஓடையும் வண்டிப்பாதையும் கோடு கோடாகத் தெரியும். வரைபடம் புரியவில்லையா, மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மே மாதத்தில் பார்த்து மயங்கி வாங்கிய வீட்டுக்கு அக்டோபரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

ஏற்காட்டில் சின்ன வீடு?

அது தனிச் சட்டம், ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு) அனுமதி, காப்பித் தோட்டம் என்று வேறு உலகம். மலையில் வேலை செய்யும் இன்ஜினியரைக் கேளுங்கள்.

சேலம்-சென்னை எட்டுவழிச் சாலை வந்தால் விலை ஏறும் என்கிறார்களே?

2018 முதல் அந்தப் பேரைச் சொல்லி மனை விற்கிறார்கள். குடியிருக்க வாங்குகிறீர்களா, சூதாட வாங்குகிறீர்களா?

டிடிசிபி இருக்கிறது, ரெரா வேண்டுமா சார்?

முதல் பதில்.

மாமனார் கொத்தனார். சாம்பல் கல்லில் (ஃபிளை ஆஷ், நிலக்கரிச் சாம்பலில் செய்யும் கல்) கட்டிய வீட்டை வாங்கவே கூடாது என்கிறார். மல்லூரில் பார்த்த எல்லாமே சாம்பல் கல்தான்.

மேட்டூர் அனல்மின் நிலையம் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பகுதியில் சாம்பல் கல் வராமல் வேறென்ன வரும்? ஒழுங்காகச் செய்த சாம்பல் கல் பல நாட்டுச் செங்கலை விட அதிக எடை தாங்கும், அளவும் ஒரே மாதிரி. கெடுவது எங்கே என்றால், பட்டறையில் மூன்று நாலு வாரம் தண்ணீர் குடிக்க வேண்டிய கல்லை ஒரு வாரத்தில் லாரி ஏற்றிவிடுவார்கள். அது சுவரில் இருந்துகொண்டு சுருங்கும், பூச்சில் தலைமுடி போல விரிசல் ஓடும்.

(தாரமங்கலம் மேஸ்திரி ஒருவர்) சார் ஆபீஸில் உட்கார்ந்து பேசுகிறார். சாம்பல் கல்லில் பூச்சு பிடிக்காது. செங்கல் வீடு கோடையில் எப்படிக் குளிர்ச்சியாக இருக்கும் என்று வந்து படுத்துப் பார்க்கட்டும்.

ஐயா, பூச்சு பிடிக்கவில்லை என்பது பாதி உண்மை, கல் வழவழப்பு. மேலே தண்ணீர் தெளித்து, சிமெண்ட் பால் அடித்துப் பூசினால் பிடிக்கும், தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழி வலை கொடுத்தால் வெடிக்காது. அதைச் செய்ய ஆளுக்குப் பொறுமை இல்லை, பழி கல் மேல். குளிர்ச்சிக்கு வருவோம். ஒற்றை மாடி வீட்டில் சூடு இறங்குவது முக்கியமாகக் கூரை வழியாக.

(அவரே) எங்கள் தாத்தா கட்டிய வீடு இன்னும் ஏசி இல்லாமல் இருக்கிறதே?

தாத்தா சுவர் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லுங்கள். இப்போது மலிவு வீட்டில் வெளிச்சுவரையே நாலரை அங்குலத்தில் நிறுத்துகிறார்கள், செங்கலாக இருந்தாலும் அது கொதிக்கும். வாங்குபவர்கள் ஜன்னலைத் திறந்து, நிலையின் பக்கவாட்டில் சாண் வைத்துப் பாருங்கள். பூச்சோடு சேர்த்து ஒரு சாண் வந்தால் ஒன்பது அங்குலச் சுவர். ஐந்து விரலை நெருக்கி வைத்தாலே முடிந்துவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

(சங்ககிரியிலிருந்து) ஹாலோ பிளாக் எப்படி?

(மேஸ்திரி) அதைவிடக் கேவலம்.

(மல்லூர்க்காரர்) அப்போ நான் வாங்கலாமா, கூடாதா?

மேஸ்திரி ஐயாவிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கண்காணிப்பே இல்லாத சைட்டில் செங்கல் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், சாம்பல் கல் பொறுக்காது. மல்லூர்க்காரர், கட்டி ஒரு கோடை கழிந்த வீடாகப் பாருங்கள். வர வேண்டிய விரிசல் வந்திருக்கும், லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை) மூலையிலும் தூண் ஓரத்திலும் தேடுங்கள். புதுப் பெயின்ட் அடித்து விற்றால் சந்தேகப்படுங்கள். ஹாலோ பிளாக்கைப் பற்றி இன்றைக்குப் பேச எனக்குத் தெம்பில்லை.

கிழக்கு பார்த்து 25 லட்சத்துக்குள்...

மேலே.

அரசு வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி 12 லட்சம் ரொக்கமாகக் கேட்கிறார்கள். பத்திரச் செலவு மிச்சம்தானே?

ஒரு லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் எத்தனை போகிறது பாருங்கள். கடன் பத்திர விலைக்குத்தான் கிடைக்கும். வீடு, நிலத்துக்கு முன்பணம் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. நாளைக்கு விற்கும்போது அந்த 12 லட்சமும் உங்கள் லாபம் என்று கணக்காகி வரி கேட்கும். பிரச்சினை என்று கோர்ட்டுக்குப் போனால் 12 லட்சம் கொடுத்தேன் என்பதற்குச் சாட்சி யார்?

அண்ணா, அடுத்த வாரம் ரிஜிஸ்ட்ரேஷன். உடையாப்பட்டி. கடைசியாக என்ன பார்க்கணும்?

முந்தின நாளே போய் மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் கீழே சீலிங்கில் ஈரம் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, இரண்டு பாத்ரூமிலும் வாளி வாளியாக ஊற்றுங்கள், எங்கே தேங்குகிறது என்று தெரியும். டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போங்கள், டொக் டொக்கென்று வெறுமையாகக் கேட்கும் இடத்தில் கீழே கலவை இல்லை.

ஈபி இணைப்பு யார் பேரில் என்று பாருங்கள். கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, யூனிட் விலை அதிகம். பெயர் மாற்றம், வீட்டு வரி, மூலப்பத்திரத்தின் அசல் மூன்றும் கைக்கு வரும் வரை ஐம்பதாயிரமாவது நிறுத்தி வையுங்கள், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவு முடிந்ததும் பட்டா உங்கள் பேருக்கு மாறியதா என்று பாருங்கள், கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவுக்கு உடனே மனு போடுங்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

மிச்சக் கேள்விகள் எல்லாம் திசையும் ரெராவும்தான். இத்தோடு எழுந்துகொள்கிறேன்.