கிராஃபிக்ஸ் பெரிதா, கலை பெரிதா? கன்சோல் கேம் கேள்வி பதில்

கன்சோல் கேம்களின் தொழில்நுட்பம், கலை இரண்டைப் பற்றியும் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே சண்டையை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. சேர்க்க முடிந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நீளமாகப் பேச வேண்டியதை நீளமாகவே பேசியிருக்கிறேன்.

"கிராஃபிக்ஸ் நல்லா இருக்கு"ன்னு சொல்றதும் "ஆர்ட் நல்லா இருக்கு"ன்னு சொல்றதும் ஒன்னுதானே அண்ணா? என் தம்பி வேற வேறன்னு சண்டைக்கு வர்றான். (சேலம்)

தம்பி சொல்வதுதான் சரி. ரெசல்யூஷன் (படத்தில் எத்தனை புள்ளிகள்), ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படங்கள்), நிழலின் துல்லியம், தூரத்து மலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, இதெல்லாம் அளக்கக்கூடியவை. அந்த மலை அங்கே ஏன் இருக்க வேண்டும், என்ன நிறத்தில், எந்த வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது ஒருவர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. அதற்கு அளவுகோல் கிடையாது.

நான் இதற்கு எப்போதும் காட்டுவது நின்டெண்டோவின் 'செல்டா' வரிசையில் வந்த 'விண்ட் வேக்கர்'. 2000-ல் தன் கேம்கியூப் கன்சோலின் சக்தியைக் காட்ட ஒரு கண்காட்சியில் செல்டா நாயகன் லிங்க்கும் வில்லன் கேனன்டார்ஃபும் வாள் சண்டை போடும் சிறு காட்சியை ஓட்டினார்கள். நிஜ மனிதர்களை ஒட்டிய உருவங்கள். அடுத்த செல்டா கேம் இப்படித்தான் வரும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். மறு வருடம் காட்டியதோ பெரிய தலையும் பெரிய கண்ணும் கொண்ட ஒரு கார்ட்டூன் பையன். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2002 டிசம்பரில் ஜப்பானில் கேம் வெளியானது. இன்று அதை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குப் பழையதாகவே தெரியாது. அதே வருடங்களில் "நிஜம் போலவே" என்று விளம்பரம் செய்த எத்தனையோ கேம்களின் முகங்கள் இப்போது மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெரிய கண்கள் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. லிங்க் ஓர் அறைக்குள் நுழைந்ததும் அவன் கண்விழி முக்கியமான பொருளின் பக்கம் திரும்பும். ஆடுபவருக்கு அம்புக்குறியோ எழுத்தோ தேவையில்லை, அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தால் போதும். முகத்தில் ஆயிரம் நுணுக்கம் இருந்திருந்தால் அந்தப் பார்வை பழைய டிவியில் தெரிந்தே இருக்காது. கார்ட்டூன் என்று முடிவெடுத்ததால்தான் அது முடிந்தது.

பிஎஸ்5-ல் (பிளேஸ்டேஷன் 5) பெர்ஃபார்மன்ஸ் மோடா, குவாலிட்டி மோடா? 30-க்கும் 60-க்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கா ப்ரோ? (சென்னை)

இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் மோட் ஓட்டத்தின் வேகத்துக்கு முன்னுரிமை தரும், குவாலிட்டி மோட் படத்தின் அழகுக்கு. 30 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 30 படங்கள்) என்றால் ஒரு படம் திரையில் 33.3 மில்லிசெகண்ட் நிற்கும். 60 என்றால் 16.7. கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்குத் தெரிவது அதிகம். பட்டனை அழுத்தியதற்கும் வாள் வீசுவதற்கும் நடுவில் உள்ள நேரம் குறைகிறது. விநாடிக்கு 120 முறை படத்தை மாற்றும் 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் சில கேம்களில் 40 எஃப்பிஎஸ் மோட் வரும். 2021-ல் வந்த 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' அப்படி ஒன்றைக் கொடுத்தது. 40 என்பது 30-ஐ ஒட்டிய எண்ணாகத் தோன்றும். நேரக் கணக்கில் அது 25 மில்லிசெகண்ட், அதாவது 30-க்கும் 60-க்கும் சரியான நடு. அது கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், சராசரி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 2015-ல் பிஎஸ்4-க்கு வந்த 'பிளட்போர்ன்' 30 எஃப்பிஎஸ்தான். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சீராக இருக்காது. ஒன்று சீக்கிரம் வரும், அடுத்தது தாமதமாக வரும். எண் 30 என்றே காட்டும், கேமரா திரும்பும்போது மட்டும் ஒரு தடுமாற்றம் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த நகரத்தின் கோபுரங்களுக்காகவும் அந்த இருட்டுக்காகவும் அதை நான் மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். இந்தக் குறை இல்லாமல் அதை ஆட வேண்டும் என்ற ஆசையும் எனக்குத் தீரவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சண்டை, ஓட்டம், ரேஸ் என்றால் பெர்ஃபார்மன்ஸ். நிதானமாக நடந்து ஊர் பார்க்கும் கேம் என்றால் குவாலிட்டியும் சரிதான். எதுவானாலும் முதலில் டிவியில் 'கேம் மோட்' (டிவியின் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் 60 பற்றிப் பேசிப் பயனில்லை.

43 இன்ச் டிவிக்கு 4கே அவசியமா? (திருநெல்வேலி)

எட்டு அடி தள்ளி உட்கார்ந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் விரிவாகக் காட்டும் வசதி) நன்றாக இருக்கும் டிவியாகப் பார்த்து வாங்குங்கள்.

'ஷாடோ ஆஃப் தி கொலோசஸ்' பிஎஸ்2-ல் திக்கித் திணறி ஓடியது. ஆனாலும் எல்லோரும் அதைக் கலைப்படைப்பு என்கிறார்கள். அந்த மெதுவான ஓட்டம்தான் பூதங்களுக்கு எடை கொடுத்தது என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா சார்? (யாழ்ப்பாணம்)

பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். இது எனக்கு மிகப் பிடித்த கேள்வி.

2005-ல் இந்த கேமை இயக்கிய ஃபுமிடோ உவேடாவின் குழு செய்ததை முதலில் பார்ப்போம். மொத்தம் 16 பூதங்கள், வேறு எதிரிகளே கிடையாது. சாதாரண கேமில் எதிரி ஒன்று, நீங்கள் ஏறும் மலை இன்னொன்று. இங்கே எதிரியே மலை. அந்த மலை நடக்கிறது, உடலை உதறுகிறது, உங்களைக் கீழே தள்ளப் பார்க்கிறது. அதன் ரோமத்தைப் பிடித்துத் தொங்க ஆர்1 பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பிடி தளரத் தளரத் திரையோரத்தில் உள்ள வட்டம் சுருங்கும். விரல் வலிக்க ஆரம்பிக்கும்போது திரையில் இருக்கும் பையனின் கையும் நழுவும். வளைந்து அசையும் ஓர் உடம்பின் மேல் இன்னோர் ஆளை நடக்க வைப்பது கணக்குப் போட மிகக் கடினமான வேலை. இதையெல்லாம் 32 எம்பி மெமரி உள்ள மெஷினில் செய்தார்கள். ஃபிரேம் ரேட் 20-க்கும் கீழே போனது அதற்குக் கொடுத்த விலை.

எடைக்கு வருவோம். முதல் பூதம் கால் தூக்கி வைப்பதைப் பாருங்கள். கால் மெதுவாக உயர்கிறது, ஒரு கணம் நிற்கிறது, இறங்கியதும் புழுதி எழுகிறது, கேமரா அதிர்கிறது, சத்தம் வருகிறது. எடையைத் தருவது இந்த அசைவுதான். ஃபிரேம் குறைந்ததால் வந்த எடை அல்ல. சாட்சி இருக்கிறது: 2018-ல் புளூபாயின்ட் நிறுவனம் இதே கேமைப் பிஎஸ்4-க்கு ரீமேக் செய்தது, பிஎஸ்4 ப்ரோவில் 60 எஃப்பிஎஸ்ஸில் ஓடுகிறது. பூதங்கள் ஓர் இம்மிகூட இலேசாகிவிடவில்லை. பழைய தடுமாற்றத்தைக் கலை என்று கொண்டாடுவது அந்தக் குழுவின் உழைப்பைத் தவறான இடத்தில் பாராட்டுவது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தக் குதிரை, ஆக்ரோ. சொன்னதும் திரும்பாது, சில சமயம் தன் இஷ்டத்துக்குப் போகும். அது வேண்டுமென்றே செய்தது. நிஜக் குதிரை எல்லாக் கட்டளைக்கும் பணியாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். ஃபிரேம் தடுமாற்றம், குதிரை, இரண்டுமே ஆடுபவருக்குத் தொந்தரவுதான். ஒன்று மெஷினின் இயலாமை, மற்றது படைத்தவரின் முடிவு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் மெஷினின் இயலாமையிலிருந்து கலை பிறக்கவே பிறக்காதா? 'சைலன்ட் ஹில்' மூடுபனி? (அதே யாழ்ப்பாண நண்பர்)

பிறக்கும், யாராவது அதைக் கையில் எடுத்துக்கொண்டால். 'சைலன்ட் ஹில்' என்ற திகில் கேம் வந்த 1999-ல் பிளேஸ்டேஷனால் ஒரு முழுத் தெருவையும் கடைசிவரை வரைய முடியவில்லை. தூரத்தை மறைக்க வேண்டும். மற்றவர்களும் அந்தக் காலத்தில் பனியைப் போட்டார்கள், ஆனால் வெறும் திரைச்சீலையாக. சைலன்ட் ஹில் குழு அந்தப் பனியைச் சுற்றியே ஊரைக் கட்டியது. கையில் ஒரு சின்ன ரேடியோ கொடுத்தார்கள். ஆபத்து நெருங்கினால் அது கரகரக்கும். பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும், எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது. பனி இல்லாவிட்டால் அந்த ரேடியோவுக்கு வேலையே இல்லை.

பின்னால் வந்தவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் கெடுத்ததும் உண்டு. 2012-ல் வந்த எச்டி தொகுப்பில் 'சைலன்ட் ஹில் 2'-ன் பனி சரியாக அமையவில்லை. யாரும் பார்ப்பார்கள் என்று நினைக்காத விளிம்புகள் வெளியே தெரிந்தன. 2021-ல் மறுபதிப்பாக வந்த 'ஜிடிஏ: சான் ஆன்ட்ரியாஸ்' கேமிலும் இதே கதை. 2004-ல் பிஎஸ்2-ல் அந்த மாநிலம் பிரம்மாண்டமாகத் தோன்றியதற்குத் தூரத்தை மூடிய மங்கல் வெளிச்சம் ஒரு முக்கியக் காரணம். அதை விலக்கியதும் மலையில் நின்றால் நகரம் பக்கத்திலேயே தெரிந்தது. மூன்று நகரங்கள் கொண்ட மாநிலம் ஒரு பெரிய மைதானம் அளவுக்குச் சுருங்கிப்போனது. தொழில்நுட்பக் கணக்கில் இது முன்னேற்றம்தான், தூரம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த மங்கல் செய்துகொண்டிருந்த வேலையை யாரும் கேட்கவில்லை.

தொழில்நுட்பத்தில் முதலிடம், ஆனால் ஆடச் சலிப்பு. அப்படி ஒரு கேம் சொல்லுங்கள். (பெங்களூரு)

'தி ஆர்டர்: 1886', பிஎஸ்4, 2015. சினிமா மாதிரி மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு 1920க்கு 800 என்று படத்தைக் குறுக்கி, மிச்சமான சக்தியைத் துணி, தோல், உலோகம், விளக்கு வெளிச்சத்துக்குக் கொட்டினார்கள். கோட்டின் தையல்கூடத் தெரியும். பிஎஸ்4 காலத்தின் மிக அழகான படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஆடுபவருக்கு வேலை குறைவு. நடக்க வேண்டும், பொருளை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும், மறைந்து நின்று சுட வேண்டும். கத்தியால் ஓநாய் மனிதனோடு ஒரு சண்டை வரும். கடைசிச் சண்டையும் கிட்டத்தட்ட அதுவே. கதை நடக்கும் அந்த லண்டனைக் கட்டிய ஓவியர்களுக்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, அவர்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

கதை நன்றாக இருந்தால் பக் (கேமில் உள்ள பிழை) எல்லாம் மன்னிக்கலாம் என்று ஒரு கட்சி இருக்கிறதே? (மதுரை)

நான் அந்தக் கட்சியில் இல்லை. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10-ல் வந்தது. பழைய பிஎஸ்4-ல் அது இருந்த நிலையைப் பார்த்து ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, கேட்டவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஜூனில்தான் திரும்பக் கடைக்கு வந்தது. அந்த கேமின் நகரமான நைட் சிட்டியின் வடிவமைப்பு அபாரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உருக்கமான ஒரு காட்சி நடக்கும்போது எதிரே நிற்பவரின் முகம் பாதி வரைந்த நிலையில் நின்றால் அந்தக் காட்சியை எழுதியவருக்கும் நடித்தவருக்கும் அநியாயம் நடக்கிறது. அந்தக் கலை உங்களிடம் வந்து சேரவே இல்லை.

கன்சோலில் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். பிசியில் ஆயிரம் விதமான மெஷின், கன்சோலில் ஒன்றோ இரண்டோ. எந்தப் பெட்டியில் ஓடப்போகிறது என்று முன்பே தெரிந்துதான் கேமைச் செய்கிறார்கள்.

பழைய கேம்களைப் புது டிவியில் போட்டால் அசிங்கமாக இருக்கிறதே, சின்ன வயதில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது நம் நினைவு மட்டும்தானா? (கொழும்பு)

நினைவு மட்டும் இல்லை. 1991-ல் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த 'சோனிக்'கின் முதல் கட்டத்தில் அருவிகள் இருக்கும். புது டிவியில் அவை ஒன்று விட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகள். ஆனால் அன்றைக்கு மஞ்சள் வீடியோ கேபிளில் குண்டு டிவிக்குப் போகும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கோடுகள் மறைந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீர் ஆகிவிடும். அந்த மெஷினில் ஒளி ஊடுருவும் பொருளைக் காட்ட நேரான வழி இல்லை. கேபிளின் குறையையே ஓவியர் வண்ணமாகப் பயன்படுத்திக்கொண்டார். இப்போதைய மறுபதிப்புகள் சிலவற்றில் குண்டு டிவியின் தோற்றத்தைத் தரும் 'சிஆர்டி ஃபில்டர்' இருக்கும், போட்டுப் பாருங்கள்.

'வெண்பா' கேமை எந்த இடத்தில் வைப்பீர்கள்? கனடாவில் இருக்கிறேன், ஆடிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். (டொராண்டோ)

உங்கள் ஊரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலையில் ஸ்விட்ச், பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கதை. கையால் வரைந்தது போன்ற தட்டையான படம், எந்த மெஷினையும் திணறடிக்காது. இட்லித் தட்டுகளைப் பானைக்குள் எந்த ஒழுங்கில் அடுக்குவது, ஆவி மேலே எப்படிப் போகும் என்று யோசிக்க வைக்கிறார்களே, அங்கேதான் அதன் திறமை இருக்கிறது. நம் வீட்டில் கைப்பழக்கமாகச் செய்யும் ஒன்றை, அறியாதவர் கையில் புதிராகக் கொடுத்துவிட்டார்கள். அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது 2024-ல் அதற்குக் கிடைத்தது. சின்ன கேம் என்று தனி வரிசையில் வைக்க மாட்டேன், விண்ட் வேக்கர் பக்கத்திலேயே வைப்பேன்.

பிளஸ் டூ முடிக்கிறேன். கேம் துறைக்கு வர ஓவியம் படிக்கவா, கோடிங் படிக்கவா அண்ணா? (ஈரோடு)

இரண்டில் எதில் உனக்குச் சலிக்காமல் பல மணி நேரம் உட்கார முடிகிறதோ அதை முதலில் படி தம்பி. மற்றதைக் கொஞ்சமாவது தெரிந்துவைத்துக்கொள். இரண்டுக்கும் நடுவில் 'டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு வேலையே இருக்கிறது. ஓவியர் கேட்பதை மெஷின் தாங்கும்படி செய்து கொடுப்பவர் அவர்.

பயிற்சிக்கு மரியோவை எடுத்துக்கொள். தலைமுடி வரையப் புள்ளிகள் போதவில்லை, அதனால் தொப்பி. வாய் வரைய இடமில்லை, அதனால் மீசை. கை அசைவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், மேலே போட்ட ஓவரால்ஸுக்கு வேறு நிறம். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் மாற்றியிருப்பார்கள். ஒரு கட்டம் போட்ட தாளில் 16க்கு 16 சதுரம் வரைந்து, மூன்றே நிறத்தில் உன் ஊர் ஆள் ஒருவரைக் கொண்டுவந்து பார். அடையாளம் தெரிகிறதா என்று வீட்டில் கேள். அதை அடுத்த முறை இங்கே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.