உள்ளூராட்சித் தேர்தலில் போட்டியிட விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனது வீடு செட்டிகுளத்தில். பதினைந்து வருடமாக வவுனியா நகரில் கடை வைத்திருக்கிறேன், மாநகர சபைக்கு வரியும் கட்டுகிறேன். மாநகர சபைத் தேர்தலில் நிற்கலாமா?

பதில்: முடியாது. கடையும் வரிப் பற்றுச்சீட்டும் உங்களை அச்சபையின் வாக்காளராக்குவதில்லை. போட்டியிடும் சபையின் எல்லைக்குள் வதிபவராக, நடைமுறையிலுள்ள வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 2025 மே 6ஆந் திகதித் தேர்தலுக்கு 2024ஆம் ஆண்டு இடாப்பே பயன்பட்டது. ஆகவே தேர்தல் அறிவித்த பின் பதிவை மாற்ற ஓடுவதால் பயனில்லை. உங்கள் பதிவு செட்டிகுளத்தில் இருந்தால் வெங்கலச்செட்டிகுளம் பிரதேச சபைக்கு நிற்கலாம். முதலில் கிராம அலுவலரிடம் போய் இடாப்பைப் பாருங்கள்.

கேள்வி: நான் போட்டியிடும் வட்டாரத்திலேயே எனக்கு வீடு இருக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. சபை எல்லைக்குள் எந்த வட்டாரத்து இடாப்பில் பெயர் இருந்தாலும் போதும்.

கேள்வி: தேர்தலில் நிற்க எனக்குத் தகுதி உண்டா? விவரம் தரவும்.

பதில்: வயது, தொழில், வதிவிடம், எந்தச் சபை என ஒன்றையும் எழுதாமல் தகுதியை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? 18 வயது நிறைந்த, அந்தச் சபையின் இடாப்பிலுள்ள இலங்கைப் பிரஜையாக இருந்து, சட்டம் சொல்லும் தகுதியீனம் எதுவும் இல்லையென்றால் உண்டு. மேலும் அறிய வேண்டுமானால் ஒழுங்காக எழுதுங்கள்.

கேள்வி: எந்தக் கட்சியும் எனக்கு வேண்டாம். தனி மனிதனாக, சுயேச்சையாக நிற்க விரும்புகிறேன்.

பதில்: உள்ளூராட்சியில் தனி மனிதச் சுயேச்சை கிடையாது, சுயேச்சைக் குழுவே உண்டு. சபையின் எல்லா வட்டாரங்களுக்கும், மேலதிகப் பட்டியலுக்கும் (வட்டாரங்களுக்கு வெளியே, வாக்கு விகிதப்படி கிடைக்கும் ஆசனங்களுக்கான பெயர்கள்) உரிய தொகை ஆட்களைச் சேர்த்து, ஒருவரைக் குழுத் தலைவராக்கி வர வேண்டும். சென்ற தேர்தலில் கட்டுப்பணம் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபா, சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா. 25 பேர் என்று வைத்தால் கட்சிக்கு 37,500 ரூபா, உங்களுக்கு ஒன்றேகால் இலட்சம். கட்டுப்பணம் செலுத்தும் காலம் நியமனப் பத்திரம் (வேட்புமனு) ஏற்கும் காலம் முடிவதற்கு ஒரு நாள் முன்னரே முடிந்துவிடும் என்பதையும், கடைசி நாளன்று காசுக்கட்டுடன் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலுக்கு வருவோர் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: நெடுங்கேணிப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். வவுனியா நகரில் வசிக்கிறேன், வாக்கும் அங்கேதான். வேலையை விட வேண்டுமா?

பதில்: அரசியல் உரிமையுள்ள (அரசியலில் ஈடுபட அனுமதியுள்ள) பதவித் தரத்தில் இருந்தால் விட வேண்டியதில்லை, நியமனப் பத்திரம் கையளிக்கும் நாளிலிருந்து தேர்தல் முடியும் வரை சம்பளமற்ற லீவில் நிற்க வேண்டும். கடமை செய்யும் சபைப் பிரதேசத்தில் போட்டியிட முடியாது. உங்களுக்கு இரண்டும் வேறு வேறு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. பதவிநிலை உத்தியோகத்தருக்கும் (உயர் தர அரச அலுவலர்) பொலிசாருக்கும் இந்தச் சலுகை கிடையாது. வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் நடவாமல் போனபோது, நியமனப் பத்திரம் கொடுத்திருந்த அரச ஊழியர்கள் வேலைக்குத் திரும்பவும் வழியின்றி, சம்பளமுமின்றி நெடுநாள் அலைந்தார்கள். அந்த நியமனப் பத்திரங்கள் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் இல்லாமல் செய்யப்பட்டன.

கேள்வி: நான் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டவன். தடை உண்டா?

பதில்: முன்னாள் போராளிகளுக்கு அரசு வழங்கிய புனர்வாழ்வு நீதிமன்றத் தண்டனை அன்று, அதனால் தகுதி போகாது. வழக்கொன்றில் தீர்ப்பும் சிறைத்தண்டனையும் இருந்தால் கதை வேறு. தீர்ப்பின் பிரதியுடன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கேள்வி: பிரதேச சபை வீதிக்குக் கிரவல் போடும் ஒப்பந்தம் என் மனைவியின் பெயரில் இருக்கிறது. நான் நிற்கலாம்தானே?

பதில்: ஒப்பந்தப் பயன் உங்களுக்கு வருகிறது என்றால், யாருடைய பெயரில் இருந்தாலும் அது தகுதியீனமே. "தானே" என்று நீங்கள் கேட்பதிலேயே விடை தெரிந்திருக்கிறது.

கேள்வி: சென்ற தேர்தலில் எங்கள் ஊர்க் கட்சிக்காரர் வந்து, "பெயர் மட்டும் போதும், தங்கச்சி" என்று சொல்லி அடையாள அட்டைப் பிரதியும் நான்கைந்து கையெழுத்தும் வாங்கிப் போனார்கள். பிறகுதான் நான் வேட்பாளர் என்று தெரிந்தது. அடுத்த முறையும் வருவார்கள். என்ன செய்ய வேண்டும்? (குடும்பத் தலைவி, துணுக்காய்)

பதில்: பிள்ளை, இந்தக் கடிதம் வராத தேர்தல் காலம் இல்லை. வட்டார வேட்பாளருக்கான முதல் நியமனப் பத்திரத்தில் நூற்றுக்கு பத்தும் மேலதிகப் பட்டியலுக்கான பத்திரத்தில் நூற்றுக்கு ஐம்பதும் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். சபையில் நாற்பங்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்கட்டும் என்பதற்காக வந்த ஏற்பாட்டை, எங்கள் கட்சிகளும் குழுக்களும் கடைசி வாரத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துச் சேர்க்கும் வேலையாக மாற்றிவிட்டன. 2023 சட்டத் திருத்தத்தால் வந்த, வேட்பாளரில் இளைஞருக்கென ஒதுக்கிய பங்குக்கும் இதே கதிதான்: அப்பா கட்சிக்காரர் என்பதற்காக, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை, வயதைக் காட்ட உருவிக்கொண்டு போகிறார்கள். கூட்டம் நடக்கும்போது கூப்பிடாதவர்கள், பட்டியல் நிரப்ப மட்டும் தங்கச்சி என்று வருகிறார்கள்.

நீங்கள் வைத்த கையெழுத்துகள் வெறும் பெயர் கொடுத்தது அல்ல. ஒன்று வேட்பாளராக நிற்கச் சம்மதம். இன்னொன்று அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி, நாட்டில் தனி அரசு அமைக்க ஆதரவளிப்பதில்லை என்னும் உறுதியுரை. இரண்டும் சட்டத்தின் முன் உங்களைக் கட்டுப்படுத்துவன. பத்திரம் கையளிக்கப்பட்ட பிறகு, மனம் மாறிவிட்டது என்று உங்கள் பெயரை மட்டும் அதிலிருந்து எடுக்கத் திருத்தம் செய்ய இயலாது. தேர்தல் முடிந்ததும் எவரும் உங்களிடம் சொல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது: 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். ஒரு சதமும் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும்.

மேலதிகப் பட்டியலில் முதலாவது பெயர் உங்களுடையது, ஆசனம் நிச்சயம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். வரிசை எந்த உரிமையும் தராது. கிடைக்கும் மேலதிக ஆசனத்துக்கு யாரைப் பெயரிடுவது என்பதைக் கட்சிச் செயலாளரோ குழுத் தலைவரோ தீர்மானிப்பார். வட்டாரத்தில் தோற்றவரையும் போடலாம். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெற்ற கட்சி பெண் உறுப்பினரைப் பெயரிடக் கடமைப்பட்டதும் இல்லை.

ஆகவே அடுத்த முறை வந்தால் தாளை வாசிக்காமல் பேனாவைத் தொட வேண்டாம். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் ஒப்பமிட வேண்டாம். எந்தப் பத்திரம், எந்த வட்டாரம் என்று கேட்டு ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். அதையெல்லாம் கேட்ட பிறகு நிற்க விருப்பம் வந்தால், உண்மையாக நில்லுங்கள். உங்கள் ஊர்க் குளக்கட்டும் வீதியும் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் குழுவின் பத்திரம் இளைஞர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழால் நிராகரிக்கப்பட்டது. அது நியாயமா?

பதில்: சான்றுப்படுத்திய பிரதிகளை ஏற்காமல் நிராகரிக்கப்பட்ட பத்திரங்கள் பலவற்றை ஏற்குமாறு 2025 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்கள் வழக்குக்குப் போகவில்லை. இனிப் பேசிப் பயனில்லை. அடுத்த முறை பதிவாளரின் சான்றுடன் கூடிய பிரதியையே கொண்டு செல்லுங்கள். நியமனப் பத்திரம் ஏற்பது முடியும் நாளில் நண்பகல் 12 மணிக்குப் பின் ஒன்றரை மணிநேரம் ஆட்சேபனைக்கு உரியது; எதிர்த் தரப்பு உங்கள் ஒவ்வொரு தாளையும் அப்போது புரட்டும். ஏற்கத் தொடங்கும் முதல் நாளிலேயே கையளித்தால் பிழை தெரிந்து திருத்தவாவது நேரம் இருக்கும்.

கேள்வி: கனடாப் பிரஜாவுரிமை பெற்று முள்ளியவளைக்குத் திரும்பிவிட்டேன். நிற்கலாமா?

பதில்: இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெறவில்லையென்றால் வாக்களிக்கவே முடியாது.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் பிரசாரச் செலவுக்குக் காசு அனுப்பலாமா?

பதில்: வெளிநாட்டில் கூட்டிணைக்கப்பட்ட அமைப்பின் நன்கொடையை வேட்பாளர் ஏற்கக் கூடாது, பெயர் வெளியிடாதவரின் காசும் அப்படியே. பெற்ற ஒவ்வொரு நன்கொடையையும், யாரிடமிருந்து என்பதையும், முன்பு சொன்ன 21 நாள் அறிக்கையில் காட்ட வேண்டும். சங்கத்துக்கு ஊர் மேல் அன்பிருந்தால் அந்தக் காசைப் பாடசாலைக்கு அனுப்பட்டும்.